வெனாச்சி அரங்கம்: கூட்டம் வந்தது, கடன் அடையவில்லை

2011 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள வெனாச்சி என்ற சிறு நகரத்தில், 4 கோடியே 17 லட்சத்து 70 ஆயிரம் டாலர் கடனுக்குக் கெடு முடிந்தது. கடன் வாங்கியவர் தனியார் முதலாளி இல்லை; ஓர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தைச் சொந்தமாக வைத்திருந்த அரசு அமைப்பு. அன்று பணம் கட்டப்படவில்லை. அந்த மாநிலத்தில் உள்ளாட்சிக் கடன் இவ்வளவு பெரிய தொகையில் தவறியது 1983-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. 1983-இல் தவறியது 225 கோடி டாலர், அணுமின் நிலையங்கள் கட்ட வாங்கியது. அடுத்த இடத்துக்கு வந்தது பதின்ம வயதுப் பையன்கள் ஹாக்கி ஆடும் ஒரு கட்டடம்.

வட அமெரிக்காவில் சின்ன லீக் ஹாக்கி அணிகள் மூடப்படுவது செய்தியே இல்லை. வருடா வருடம் ஏதாவது ஓர் ஊரில் நடக்கும். கேட்டால் கூட்டம் வரவில்லை என்பார்கள், அல்லது ஓனருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது என்பார்கள். வெனாச்சியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதே இந்தக் காரணங்கள் அங்கே பொருந்தாததால்தான். வெனாச்சி வைல்ட் அணிக்கு முதல் சீசனிலிருந்தே ரசிகர்கள் இருந்தார்கள். அணி நன்றாகவே ஆடியது. அப்படியிருந்தும் அரங்கம் மூழ்கியது. ஓர் ஊர் அணியால் சம்பாதிக்க முடிந்த தொகைக்கும் அந்த அரங்கத்தின் கடனுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை எந்தக் கூட்டத்தாலும் நிரப்பியிருக்க முடியாது. இது கட்டும்போதே சிலருக்குத் தெரியும் என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

ஊரும் ஆசையும்

வெனாச்சி கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கிறது. சுற்றிலும் ஆப்பிள், பேரி, செர்ரித் தோட்டங்கள். 'உலகின் ஆப்பிள் தலைநகரம்' என்பது ஊர் தனக்கே சூட்டிக்கொண்ட பட்டம். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 32,000-ஐ ஒட்டி. அக்கரையில் கிழக்கு வெனாச்சி. அது வேறு நகராட்சி, வேறு கவுண்டி (மாநிலத்துக்குள் அடங்கும் நிர்வாகப் பிரிவு). சியாட்டிலுக்குச் சாலை வழியே சுமார் 240 கிலோமீட்டர், நடுவில் கேஸ்கேட் மலைத்தொடர். குளிர்காலத்தில் கணவாய்ச் சாலைகளைப் பனி அவ்வப்போது மூடிவிடும். ஒரு நல்ல கச்சேரி பார்க்க வேண்டுமென்றால் மலை தாண்ட வேண்டும் என்ற நிலையில், நமக்கென்று ஓர் அரங்கம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் ஆசைப்பட்டதில் தப்பு சொல்ல முடியாது.

2006-இல் இதற்காக ஒரு பொது வசதி மாவட்டம் அமைக்கப்பட்டது. பெயரில்தான் மாவட்டம்; அரங்கத்துக்காக உள்ளாட்சிகள் சேர்ந்து அமைத்த தனி அரசு அமைப்பு அது. ஷெலான், டக்ளஸ் என்ற 2 கவுண்டிகளும், வெனாச்சி, கிழக்கு வெனாச்சி, கேஷ்மியர், ஷெலான், என்டியாட், ராக் ஐலண்ட், வாட்டர்வில் என்ற 7 ஊர்களும் அதில் சேர்ந்தன. மொத்தம் 9 உள்ளாட்சிகள். இப்படிச் சேர்வதில் ஒரு லாபம் உண்டு. மாநிலத்துக்குப் போக வேண்டிய விற்பனை வரியில் 0.033 சதவீதத்தை மாவட்டமே வைத்துக்கொள்ள மாநிலச் சட்டம் இடம் தந்தது. 100 டாலர் வியாபாரத்துக்கு 3.3 சென்ட். மாநிலம் தரும் காசை வேண்டாம் என்று எந்த ஊர் சொல்லும்?

ஆனால் உண்மையான பாரம் 9 பேருக்கும் சமமாகப் பிரியவில்லை. பின்னால் நின்று கடனுக்குத் தோள் கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்தது வெனாச்சி நகராட்சி மட்டும்தான்.

எல்லாவற்றையும் விற்ற ஒரே கடை

அரங்கத்தைக் கட்ட வந்தது அரிசோனாவைச் சேர்ந்த குளோபல் எண்டர்டெயின்மெண்ட் கார்ப்பரேஷன். இந்த நிறுவனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அதன் ஒரு கிளை சென்ட்ரல் ஹாக்கி லீக்கை நடத்தியது. இன்னொரு கிளை அரங்கம் கட்டித்தரும். மற்றொன்று கட்டிய அரங்கத்தை நிர்வகிக்கும். டிக்கெட் விற்க ஒரு கிளை. அரங்கத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையையும் விளம்பரத்தையும் விற்க ஒரு கிளை. நடுத்தர நகரம் ஒன்றின் மேயர் 'எங்கள் ஊருக்கு ஹாக்கி வேண்டும்' என்று சொன்னால் போதும். அணி, கட்டடம், மேலாளர், டிக்கெட் கவுண்டர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சின்ன நகராட்சிக்கு இது பெரிய நிம்மதி. பத்துப் பேரோடு பேரம் பேச அங்கே ஆள் கிடையாது.

சிக்கலும் அதே இடத்தில்தான். கட்டுமானக் கட்டணம், நிர்வாகக் கட்டணம், டிக்கெட் கமிஷன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வருமானம் பார்க்கும் ஒரு நிறுவனத்திடமே, 'இந்த அரங்கம் எங்கள் ஊரில் ஓடுமா?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? வெனாச்சி அரங்கத்தின் வரவு செலவு மதிப்பீடு அந்த நிறுவனத்திடமிருந்து வந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் இங்கே சொல்லவில்லை. 'ஓடாது' என்று சொன்னால் அவர்களுக்கு வேலையே இல்லை, அவ்வளவுதான்.

ஒரு விவரம்: வெனாச்சிக்கு வந்த அணி அந்த நிறுவனத்தின் சொந்த லீக்கில் ஆடவில்லை. 2008-இல் உருவான வைல்ட், நார்த் அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் (என்ஏஎச்எல்) சேர்ந்தது. அது ஜூனியர் லீக். கல்லூரி அணிகளில் இடம் தேடும் பையன்கள் ஆடுவார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சீசன் முழுக்க ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துச் சாப்பாடு போடுவார்கள். தொழில்முறை அணியோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. அந்த அளவுக்கு வெனாச்சியின் தேர்வு புத்திசாலித்தனமானது.

முன்கூட்டி வாங்கிய கடன்

அரங்கம் 2008 இலையுதிர் காலத்தில் திறந்தது. கிழக்கு வெனாச்சியின் கார் டீலர் ஒருவர் பெயர் உரிமையை வாங்கியதால் டவுன் டொயோட்டா சென்டர் என்று பெயர். ஹாக்கிக்குச் சுமார் 4,300 இருக்கைகள், பக்கத்தில் ஊர்ப் பிள்ளைகள் பழக இன்னொரு ஐஸ் தளம். மொத்தச் செலவு 5 கோடி டாலருக்கு மேல். கட்டும்வரை கடன் ஏற்பாட்டை டெவலப்பரான குளோபல் நிறுவனமே பார்த்துக்கொண்டது. கட்டி முடித்ததும் மாவட்டம் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாங்க வேண்டிய நேரம் வந்தபோது லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நீண்டகாலக் கடன் பத்திரம் விற்க அதைவிட மோசமான நேரம் அமையாது. அதனால் மாவட்டம் பாண்ட் ஆன்டிசிபேஷன் நோட் என்ற குறுகியகாலக் கடன் பத்திரங்களை விற்றது. மூன்று வருடக் கெடு. அதற்குள் சந்தை சீராகும், அரங்கம் லாபம் காட்டும், அப்போது 30 வருடம் போன்ற நீண்டகாலப் பத்திரம் விற்று இதை அடைத்துவிடலாம் என்பது திட்டம். மொய் வரும் என்று நம்பிக் கல்யாணத்துக்குக் கைமாற்று வாங்குவது போலத்தான். மொய் வந்தால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

அரங்கம் திறந்த நாளிலிருந்தே நஷ்டம். மதிப்பீட்டில் போட்ட எண்கள் பக்கத்திலேயே வரவில்லை.

ஒரு டிக்கெட்டின் கணக்கு

இங்கே பேனா எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. வைல்ட் ஒரு சீசனில் சொந்த அரங்கில் ஆடுவது சுமார் 30 ஆட்டம். ஒரு ஆட்டம் விடாமல் 4,300 இருக்கையும் நிரம்பியதாகவே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,29,000 டிக்கெட். கடன் 4 கோடியே 17 லட்சத்து 70 ஆயிரம். கணக்குக்காக வட்டி 5 சதவீதம் என்று போட்டால், வட்டி மட்டுமே வருடத்துக்குச் சுமார் 20 லட்சத்து 88 ஆயிரம் டாலர். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 16 டாலர் வட்டிக்கே போய்விட வேண்டும். அசல் அப்படியே நிற்கும். மின்சாரம், ஆட்கூலி, காப்பீடு எதற்கும் இன்னும் ஒரு சென்ட் எடுக்கவில்லை. ஜூனியர் ஹாக்கி டிக்கெட்டின் முழு விலையே பல ஊர்களில் அந்த அளவைச் சுற்றித்தான் இருக்கும்.

அதுவும் டிக்கெட் பணம் முதலில் அணிக்குத்தான் போகும். அரங்கத்துக்குக் கிடைப்பது வாடகை, தின்பண்டக் கடையில் பங்கு, விளம்பரத்தில் பங்கு, இப்படிச் சில்லறைகள். அணி நொடித்தால் அந்தச் சில்லறையும் நிற்கும். அணி கொழித்தாலும் சில்லறை சில்லறையாகவேதான் இருக்கும்.

சரி, மீதி 335 நாள்? கச்சேரி, சர்க்கஸ், ராட்சத டிரக் காட்சி, பள்ளிப் பட்டமளிப்பு விழா என்று நிரப்ப வேண்டும். இந்த நாள்கள்தான் மதிப்பீட்டின் இதயம். ஆனால் வெனாச்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகும் தூரத்தில், அதே கொலம்பியா ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, ஜார்ஜ் என்ற இடத்தில் கார்ஜ் ஆம்பிதியேட்டர் இருக்கிறது. 27,000 பேருக்கு மேல் கொள்ளும் திறந்தவெளி மேடை. கோடையில் பெரிய கலைஞர்கள் அங்கேதான் இறங்குவார்கள். 4,300 இருக்கைக்கு எத்தனை பேர் வண்டியைத் திருப்புவார்கள்?

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தளத்தை மாற்றும் வேலை வேறு. ஐஸ் தளம் என்பது கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் குளிர்திரவம் ஓட, மேலே ஒன்றேகால் அங்குலம்போல உறைந்து நிற்கும் நீர். கச்சேரிக்காக அதை உருக்கிவிட மாட்டார்கள். திரும்ப உறையவைக்க நாள்கணக்கில் ஆகும். அதன் மேல் வெப்பம் கடத்தாத பலகைகளை அடுக்கி, நாற்காலி போட்டு, மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து, ஜாம்போனி வண்டியை ஓட்டித் தளத்தைச் செப்பனிட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கும்பல் ஆள் வேண்டும். 800 பேர் வரும் நிகழ்ச்சிக்கும் அதே கூலிதான், 4,000 பேர் வருவதற்கும் அதே கூலிதான்.

வெனாச்சிக்கு ஒரு பெரிய அனுகூலமும் இருந்தது. ஐஸ் அரங்கங்களைத் தின்னும் முக்கியச் செலவு மின்சாரம். ஷெலான் கவுண்டியின் பொது மின்வாரியத்துக்குக் கொலம்பியா ஆற்றில் ராக்கி ரீச், ராக் ஐலண்ட் அணைகள் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே மிகக் குறைந்த மின்கட்டணங்களில் ஒன்று அங்கே. பின்னாளில் பிட்காயின் எடுப்பவர்கள் கம்ப்யூட்டர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அந்தக் கவுண்டிக்கு ஓடி வந்தது இதற்காகத்தான். அவ்வளவு மலிவான கரண்டில் உறையும் ஐஸே கடனைத் தாங்கவில்லை என்றால், கரண்ட் விலை அதிகமுள்ள ஊர்களின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லப்படாதவை

2013 நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட கண்டுபிடிப்புகள்தான் இந்தக் கதையைப் பாடப்புத்தக அளவுக்கு உயர்த்தின.

2008-இல் நோட்டுகளை விற்றபோது முதலீட்டாளர்களுக்குத் தந்த ஆவணத்தில், அரங்கத்தின் நிதி மதிப்பீடுகளை வெளியாள் யாரும் சுயேச்சையாக ஆய்வு செய்யவில்லை என்று எழுதியிருந்தது. உண்மையில் ஒரு சுயேச்சை ஆலோசகர் மதிப்பீடுகளை ஆராய்ந்திருந்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டு முறையும், இது பொருளாதார ரீதியாக நிற்குமா என்று கேள்வி எழுப்பியிருந்தார். அதற்குப் பிறகு மதிப்பீட்டு எண்கள் நம்பிக்கையை மட்டும் நம்பி மேலே ஏற்றப்பட்டன. அதுவும் ஆவணத்தில் இல்லை. மூன்றாவதாக, வெனாச்சி நகராட்சி சட்டப்படி இன்னும் எவ்வளவு கடனுக்குப் பொறுப்பேற்க முடியும் என்ற வரம்பு, இந்தக் கடனின் அசலுக்கே போதாது. அதையும் சொல்லவில்லை.

மூன்றில் எனக்குக் கடைசி விஷயம்தான் மிகக் கனமாகத் தெரிகிறது. மதிப்பீடு தவறுவது உலக வழக்கம்; ஆலோசகரின் எச்சரிக்கையைக் கூட 'அவர் கருத்து' என்று ஒதுக்கலாம். ஆனால் ஜாமீன் போடுபவரால் சட்டப்படியே அந்த ஜாமீனைப் போட முடியாது என்பது கருத்தல்ல, கூட்டல் கழித்தல்.

மாவட்டத்துக்கு 20,000 டாலர் அபராதம். தொகை சின்னது. ஆனால் ஓர் உள்ளாட்சிக் கடன் அமைப்பின் மீது ஆணையம் அபராதம் விதித்தது அதுவே முதல் முறை. அதுவரை தயங்கியதற்குக் காரணம், அபராதம் கடைசியில் வரி கட்டும் மக்கள் தலையில்தானே விழும் என்பது. இங்கே வரிப்பணத்தைத் தொடாமல் இயக்க நிதியிலிருந்து கட்டலாம் என்று ஆணையம் விளக்கம் தந்தது. நஷ்டத்துக்கே பேர்போன அரங்கத்தின் இயக்க நிதி! நோட்டுகளை விற்றுக்கொடுத்த பைப்பர் ஜாஃப்ரே நிறுவனம் 3 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. குளோபல் எண்டர்டெயின்மெண்டின் முன்னாள் தலைவர் கட்டியது 10,000 டாலர்.

நீதிமன்றத்தில் ஒரு வாக்குறுதி

கெடு நெருங்கியபோது நீண்டகாலப் பத்திரம் விற்க மாவட்டம் தயாரானது. அரங்கத்தின் வருமானத்தை மட்டும் நம்பி யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் ஒரு வழி யோசித்தார்கள்: வட்டி கட்டப் பணம் துண்டு விழும்போதெல்லாம் மாவட்டத்துக்கு நகராட்சி கடன் கொடுக்கும் என்று ஒப்பந்தம். நகராட்சி நேரடியாகக் கடன் வாங்கவில்லை, துண்டு விழுந்தால்தான் கொடுக்கும், விழாமலும் போகலாம், ஆகவே இது நகராட்சியின் கடன் கணக்கில் சேராது என்பது வாதம்.

வாஷிங்டன் மாநில அரசியல் சட்டப்படி, வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் ஒரு நகராட்சி தன் எல்லைக்குள் உள்ள சொத்து மதிப்பில் 1.5 சதவீதத்துக்கு மேல் கடன்படக் கூடாது. ஒப்பந்தம் இந்த வரம்பை மீறுகிறதா என்று நகராட்சி தானே நீதிமன்றத்தில் கேட்டது. கீழ் நீதிமன்றம் மீறுகிறது என்றது. பத்திரம் விற்க முடியாமல் போனது. டிசம்பர் 1-இல் கடன் தவறியது. 2012-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கடனுக்கான அபாயத்தை யார் சுமக்கிறார்களோ அவர்களுடையதுதான் கடன். 'நடந்தால்தான்' என்ற நிபந்தனையைச் சேர்த்ததால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது.

தீர்ப்பைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருக்காது. இந்தக் கேள்வியை 2008-லேயே நீதிமன்றத்தில் கேட்டிருந்தால் என்ன? கட்டடம் நின்ற பிறகு கேட்டார்கள்.

கடைசியில் கட்டியவர்கள்

கடன் தவறியதும் பயம் வெனாச்சியோடு நிற்கவில்லை. ஒரு சின்ன நகரம் கைவிரித்தால் மாநிலத்தின் மற்ற நகராட்சிகளுக்கும் வட்டி ஏறும் என்று மாநிலக் கருவூலத் தலைவரே தலையிட்டார். 2011 தேர்தலில் ஜெயித்து 2012 ஜனவரியில் பதவியேற்ற மேயர் ஃபிராங்க் குன்ட்ஸுக்கு முதல் நாள் மேசையில் காத்திருந்த கோப்பு இதுதான். மாநிலம் நேராகப் பணம் தரவில்லை. விற்பனை வரியை உயர்த்திக்கொள்ள வழிவகுக்கும் சட்டத்தை 2012-இல் நிறைவேற்றித் தந்தது.

2012 ஏப்ரலில் வாக்கெடுப்பு. மாவட்டம் முழுவதற்கும் 0.1 சதவீதம், வெனாச்சி நகருக்குள் தனியாக 0.2 சதவீதம். இரண்டும் ஜெயித்தன. அதாவது வெனாச்சிக் கடையில் 100 டாலருக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கினால் 30 சென்ட் அரங்கத்துக்கு. வாங்குபவர் வாழ்நாளில் ஒரு ஹாக்கி ஆட்டம்கூடப் பார்த்திராவிட்டாலும் சரி. இந்த வருமானத்தைக் காட்டிப் புதிய பத்திரங்கள் விற்று, அந்த வருடமே பழைய நோட்டுக்காரர்களின் பணத்தைத் திருப்பினார்கள்.

மக்கள் ஏன் ஆம் என்று வாக்களித்தார்கள்? ஹாக்கி மேல் உள்ள பாசம் ஒரு பகுதி இருக்கலாம். இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்: வழக்கு, நகராட்சிச் சேவைகளில் வெட்டு, ஊர் பெயருக்குக் கெட்டுப்போன கடன் மதிப்பு. நான்கு வருடம் முன்னால் இதே வாக்கெடுப்பு நடந்திருந்தால் வாக்காளர்கள் கையில் ஒரு தேர்வு இருந்திருக்கும்.

கொலராடோவின் லாரிமர் கவுண்டி இந்த வரிசையை நேராகச் செய்தது. கண்காட்சி மைதானத்துக்கும் அரங்கத்துக்குமாக 0.15 சதவீத விற்பனை வரிக்கு 1999-லேயே வாக்காளர்களிடம் சம்மதம் வாங்கிவிட்டு, 2003-இல் லவ்லண்டில் அரங்கம் திறந்தார்கள். அங்கே ஆடிய கொலராடோ ஈகிள்ஸ் சென்ட்ரல் லீக்கில் தொடங்கி, ஈசிஎச்எல் என்ற இன்னொரு லீக் வழியாக, 2018-இல் அமெரிக்கன் ஹாக்கி லீக்குக்கு உயர்ந்தது. அணி தோற்றிருந்தாலும் அங்கே கடனுக்கு ஆபத்து வந்திருக்காது. கடனைச் சுமந்தது வரி, டிக்கெட் அல்ல.

மற்ற ஊர்கள்

வெனாச்சி நோட்டுகள் விற்கப்பட்ட நேரத்திலேயே பார்க்க விரும்பியவர்களுக்கு முதல் சான்று கிடைத்திருக்கும்; பிறகு இன்னும் சேர்ந்தன. அதே டெவலப்பர் கட்டிய அல்லது நடத்திய அரங்கங்களில் சென்ட்ரல் ஹாக்கி லீக் அணிகளின் ஆயுளைப் பாருங்கள். ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் ஸ்டீல்ஹவுண்ட்ஸ்: 2005-இல் வந்தது, 2008-இல் போனது. நியூ மெக்சிகோவின் ரியோ ராஞ்சோவில் ஸ்கார்பியன்ஸ்: 2006-இல் புது அரங்கம், 2009-இல் அணி இல்லை. அரிசோனாவின் பிரஸ்காட் வேலியில் சன்டாக்ஸ் 2008-இல் கோப்பையே ஜெயித்தது, 2014-இல் மூடியது. டெக்சாஸின் ஹிடால்கோவில் கில்லர் பீஸ் 2003 முதல் 2012 வரை தாக்குப்பிடித்தது. 2014 அக்டோபரில் அந்த லீக்கே முடிந்து, மிச்சமிருந்த அணிகள் ஈசிஎச்எல்லில் ஐக்கியமாயின. நான்கு ஊரிலும் அந்த அணிகள் போயின, கட்டடம் நின்றது.

கொலராடோவின் புரூம்ஃபீல்டில் 2006-இல் திறந்த அரங்கத்தில் ராக்கி மவுண்டன் ரேஜ் 2009 வரைதான் ஆடியது. பிறகு கச்சேரிகளை வைத்து ஓட்டினார்கள். 2023-இல் அதையும் மூடி, இடித்துவிட முடிவு செய்தார்கள். 20 வருடம்கூட ஆகாத கட்டடம்.

வைல்டின் பயணச்சீட்டு

வெனாச்சி அணியின் சொந்தக் கதை வேறு விதம். கூட்டம் இருந்தும் வைல்டுக்கு ஒரு நோய் இருந்தது: தூரம். என்ஏஎச்எல்லில் அதன் பிரிவு எதிராளிகள் ஃபேர்பேங்ஸ், கீனாய் ரிவர் என்று அலாஸ்காவில் இருந்தார்கள். சின்ன லீக் என்றால் இரவுப் பேருந்தும் சாண்ட்விச்சும் என்றுதான் நினைப்போம். இங்கே விமான டிக்கெட்டும் சேர்ந்தது. 2013-இல் லீக்கில் ஆடுவதற்கான அணியின் உரிமம் ஹிடால்கோவுக்கு விற்கப்பட்டுப் போய்விட்டது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ அணியின் உரிமம் வெனாச்சிக்கு வந்து, பெயர் வைல்டாகவே தொடர்ந்தது. ரசிகருக்கு ஜெர்சி மாறவில்லை. சட்டப்படி அது வேறு அணி.

2015-இல் வைல்ட் எல்லை தாண்டிக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஹாக்கி லீக்கில் சேர்ந்தது. பென்டிக்டன், வெர்னான் எல்லாம் பேருந்திலேயே போய்விடலாம். செலவுக் கணக்கில் இது நல்ல முடிவு. 2018-இல் அந்த லீக்கின் பட்டத்தையும் ஜெயித்தது. ஆனால் கோவிட் வந்து எல்லையை மூடியதும் 2021-இல் கனடாவுக்குள் நடந்த சுருக்கமான சீசனில் வைல்டால் ஆட முடியவில்லை. 4,300 இருக்கை அரங்கத்தின் முக்கிய வாடகைக்காரருக்கு ஒரு முழு சீசன் பூஜ்யம். எந்த மதிப்பீட்டிலும் இப்படி ஒரு வரி இருந்திருக்காது. அன்று வரி வருமானம் பின்னால் இல்லாமல் இருந்திருந்தால் 2011 திரும்பியிருக்கும்.

2023 கோடையில் வைல்டின் உரிமையாளர்கள் கனடாவின் 'வின்னிபெக் ஐஸ்' அணியை வாங்கி வெனாச்சிக்குக் கொண்டுவந்தார்கள். வெஸ்டர்ன் ஹாக்கி லீக், ஜூனியர் ஹாக்கியின் மேல்தட்டு. அந்த உரிமத்தின் வரலாறு சுவாரசியமானது. 1996-இல் எட்மண்டனில் தொடங்கி இரண்டே சீசனில் கிரான்புரூக்குக்குப் போனது. சுமார் 20,000 பேர் வாழும் கிரான்புரூக், அணிக்காக 4,200 இருக்கைக்கு மேல் உள்ள அரங்கம் கட்டி 2000-இல் திறந்தது. 2019-இல் அணி வின்னிபெக்குக்குக் கிளம்பிவிட்டது. வின்னிபெக்கில் புது அரங்கம் வருகிறது என்ற பேச்சை நம்பி, பல்கலைக்கழக வளாகத்தில் சுமார் 1,600 இருக்கை உள்ள சின்ன அரங்கில் ஆடினார்கள். பேச்சு பேச்சாகவே நின்றது. ஆட்டக்காரர்கள் அருமை, அணி புள்ளிப் பட்டியலின் உச்சியில். ஆனால் இடம் பற்றாது.

அந்த அணியை வாங்க வெனாச்சியால் முடிந்ததற்குக் காரணம் பணபலம் மட்டுமல்ல. அந்த லீக்கின் தகுதிக்கு ஏற்ற ஓர் அரங்கம் அங்கே 2008-லிருந்து நின்றுகொண்டிருந்தது, அதன் கடனுக்கான வரியையும் ஊர் பத்து வருடத்துக்கு மேலாகக் கட்டிவந்தது. வின்னிபெக்கில் யாரும் அப்படி ஒரு கடனில் கையெழுத்துப் போடவில்லை.